அசையாமல் நின்றவை

சட்டநாதன் அந்த அறைக்குள் நுழைந்தபோது சுவரில் கடல் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது.

மேலே மணல். கீழே வானம். நடுவில் அலைகள் ஓசையில்லாமல் புரண்டன. கவிழ்ந்த படகு ஒன்று மெதுவாகச் சுவரைக் கடந்து, மூலையில் மடங்கி, மறைந்தது. அவர் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

"ஜன்னல் பலகையில சின்னதா ஒரு ஓட்டை போட்டிருக்கேன். அவ்வளவுதான்," என்றது ஒரு பெண் குரல். "கதவைச் சாத்துங்க சார். வெளிச்சம் வந்தா கடல் போயிடும்."

சாத்தினார். கண் பழகியதும் குரலுக்கு உரியவள் தெரிந்தாள். ஹாஜரா. முப்பத்திரண்டு வயது இருக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு டப்பாவின் உட்புறத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

சட்டநாதனுக்கு ஐம்பத்து மூன்று. சீர்காழியில் டியூஷன் சார் என்றால் அவர்தான். ஒளி நேர்கோட்டில் செல்லும், ஆகவே பிம்பம் தலைகீழாக விழும் என்று இருபத்தெட்டு வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தி வருகிறார். அந்தப் பிம்பத்தை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

"என்ன வேணும் சார்?"

"போட்டோ எடுக்கக் கத்துக்கணும்."

"என்ன போட்டோ?"

"பத்துப் படம். ஒருத்தி பார்க்கணும். பார்த்தா அழணும்."

ஹாஜரா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"உட்காருங்க," என்றாள்.

அவர் மனைவி கஸ்தூரி போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் பையோடு வாசல் பக்கம் வந்து நின்றாள். "கோயம்புத்தூர் அக்கா வீட்டுக்குப் போறேங்க. திரும்பி வர்ற எண்ணம் இல்ல" என்றாள். அவர் கையில் சாக்பீஸ் இருந்தது. "சாயந்திர பேட்ச் முடியட்டும், பேசிக்கலாம்" என்றார். சாயந்திர பேட்ச் முடிந்தபோது அவள் திருச்சியைத் தாண்டியிருந்தாள்.

பரீட்சை நேரம் முடிந்தால் வந்துவிடுவாள் என்று இருந்தார். பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வந்தது. அடுத்த வருடப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பிறகு வக்கீலிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. இருவரும் சம்மதித்துப் பிரிவதாக மனு. அவள் கையெழுத்து இருந்தது. அவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அவர் போடவில்லை.

பழைய மாணவி ஒருத்தியின் வீட்டில்தான் அந்தப் படத்தைப் பார்த்தார். விபத்தில் கணவனை இழந்தவள். சுவரில் ஒரு ஹெல்மெட்டின் படம். ஹெல்மெட்டுக்குள் ஒரு பிடி முல்லைப்பூ. அவ்வளவுதான் படம். ஆனால் அவரால் அதை முழுதாகப் பார்க்க முடியவில்லை. "இதை எடுத்த அன்னிக்குத்தான் சார் ஒழுங்காத் தூங்கினேன்" என்றாள் அந்தப் பெண். படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவளின் ஊரையும் சொன்னாள்.

பூவும் ஹெல்மெட்டும் தன்னை இப்படிக் குத்துமென்றால், கஸ்தூரியைக் குத்தவும் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் பத்துப் படங்களோடு வந்தார். பூட்டு. கத்தி. வாடிய ரோஜா. உடைந்த கண்ணாடி வளையல். ஹாஜரா ஒவ்வொன்றையும் நெடுநேரம் பார்த்தாள். தன் விடைத்தாளை இன்னொருவர் திருத்துவதைப் போல அவர் பக்கத்தில் நின்றார்.

"பூட்டு எந்த வீட்டுது?"

"கடையில வாங்கினேன்."

"ரோஜா?"

"அதுவும்தான். ரெண்டு நாள் வாட விட்டேன்."

"அவங்க கண்ணாடி வளையல் போடுவாங்களா?"

அவர் வாயைத் திறந்தார். கஸ்தூரியின் கைகளை நினைத்துப் பார்த்தார். காபி டம்ளரை நீட்டும் கை. டம்ளர் தெளிவாகத் தெரிந்தது.

"போடுவான்னுதான் நினைக்கிறேன்," என்றார்.

"இது கடைக்காரங்க துக்கம் சார்," என்றாள் ஹாஜரா. "உங்க வீட்டுல இருந்து ஒண்ணு கொண்டு வாங்க. அவங்க தொட்டதா இருக்கட்டும்."

வீட்டில் நாலு அறை. மூன்றில் பெஞ்சு போட்டிருந்தது. பிள்ளை இல்லாத வீடு என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. காலை ஐந்து மணியிலிருந்து அந்த வீடு பிள்ளைகளால் நிரம்பி வழியும்.

திங்கட்கிழமை மதியம் அவர் தேடத் தொடங்கினார். எது கஸ்தூரியுடையது? அலமாரியைத் திறந்தார், மூடினார். பத்தொன்பது வருடம் ஒருத்தி இருந்த வீட்டில், இது அவளுடையது என்று விரல் வைக்க ஒரு பொருள் அகப்படவில்லை. எல்லாம் வீட்டுப் பொருள்களாக இருந்தன.

கடைசியில் அடுப்படிக்குப் போனார். அங்கே மூலையில் ஒரு முக்காலி கிடந்தது. எதிரே ஜன்னல். முக்காலியின் பலகை நடுவில் தேய்ந்து, எண்ணெய் தடவினாற்போல மின்னியது. யாரோ பல வருடம் உட்கார்ந்த தேய்மானம்.

அதில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு முருங்கை மரம் தெரிந்தது. அதன் கிளைகளுக்கு நடுவில் ஒரு துண்டு வானம். தூரத்தில் ரயில் ஒன்று மூன்று விநாடி தெரிந்து மறைந்தது. முருங்கைப் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. அவை தரைக்கு வருவதற்குள் அவருக்கு ஏதோ ஒரு வயது கழிந்துவிட்டது போலிருந்தது. வாசலில் சாயந்திரப் பிள்ளைகளின் சைக்கிள் மணி கேட்டபோதுதான் எழுந்தார்.

'இங்கே உட்கார்ந்துதான் போவதற்குத் திட்டம் போட்டிருக்கிறாள்' என்று நினைத்தார். அது அவருக்கு ஒரு விடை கிடைத்த மாதிரி இருந்தது.

முக்காலியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். "சீட்டு கிடைக்காதுன்னு வீட்டுல இருந்தே கொண்டாந்துட்டீங்களா சார்?" என்றார் கண்டக்டர். அவர் சிரிக்கவில்லை.

ஹாஜரா ஜன்னல் பலகைகளைத் திறந்துவிட்டாள். கடல்பக்க வெளிச்சம் அறை முழுக்க வந்து நின்றது. சட்டநாதன் முக்காலியை ஜன்னலைப் பார்த்து வைத்தார். பையிலிருந்து ஒரு காலிக் கிளிக்கூண்டை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"கூண்டு யாருது?"

"பக்கத்து வீட்டுல இரவல் வாங்கினேன்."

"அவங்க அடைஞ்சு கிடந்தாங்களா?"

"இல்லாட்டி ஏன் போகணும்?"

"கேட்டீங்களா?"

ஹாஜரா கூண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தாள். முக்காலி தனியாக நின்றது.

"இது போதாதா?" என்று கேட்டாள்.

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் இதுல எங்க வரணும்?" என்றார்.

அவள் கறுப்புப் பெயின்ட் அடித்த டப்பா ஒன்றை எடுத்து வந்தாள். அதன் பக்கத்தில் ஊசிமுனை அளவு துளை. உள்ளே வெளிச்சம் பட்டால் கறுக்கும் காகிதம். முக்காலிக்கு எதிரே வைத்தாள்.

"இருபது நிமிஷம் திறந்து வைப்பேன் சார். நீங்க இதுக்கு முன்னாடியே இருங்க. வீட்டுல எப்படி இருப்பீங்களோ, அப்படி."

வீட்டில் அவர் எப்படி இருப்பார்? பாடம் நடத்துவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முக்காலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். பித்தாகரஸ் தேற்றத்தை ஆரம்பித்தார். குரல் தானாக உயர்ந்தது. இருபது நிமிடத்தில் தேற்றமும், மறுதலையும், இரண்டு கணக்கும் முடித்துவிட்டார்.

இருட்டறையில், சிவப்பு வெளிச்சத்தில், ஹாஜரா காகிதத்தை மருந்துத் தட்டில் நழுவவிட்டாள். பிறகு அதிலிருந்து இன்னொரு காகிதத்தில் படம் எடுத்தாள். தூக்கத்திலிருந்து எழுவது போல அது மெல்ல எழுந்து வந்தது. முதலில் ஜன்னல். பிறகு தரை. பிறகு முக்காலி, மூன்று காலும் துல்லியமாக.

அவர் காத்திருந்தார். தட்டில் மருந்து லேசாக அசைந்தது.

"நான் எங்க?"

"நீங்க நடந்துட்டே இருந்தீங்க."

"இருபது நிமிஷமும் அங்கதான இருந்தேன்!"

"இருந்தீங்க."

"ஒரு நிழல்கூட இல்லியே."

"நின்னது மட்டும்தான் சார் விழும்."

அவர் முகம் கறுத்தது. "பத்தொன்பது வருஷமும் நான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். சட்டென்று குரல் வேறாகிவிட்டது. "என்ன சொல்ல வர்ற? நான் அந்த வீட்டுலயே இல்லங்கிறியா? காலையில அஞ்சு மணியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினது யாருக்காக? கல்யாணமே ஆகாத பொண்ணு, உனக்கு என்ன தெரியும்?"

ஹாஜரா படத்தைத் தண்ணீரில் அலசிக் கொடியில் மாட்டினாள்.

"எனக்குத் தெரியாது சார்," என்றாள். "டப்பாவுக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னேன்."

அவர் முக்காலியை எடுக்காமலே கிளம்பிப் போனார்.

ஒரு மாதம் வரவில்லை. பாடம் நடந்தது. ஆனால் நடக்கும்போது ஏதோ ஒன்று காலைத் தடுக்கியது. பெஞ்சுகளுக்கு நடுவில் திடீரென்று நின்றுவிடுவார். பிள்ளைகள் தலைதூக்கிப் பார்ப்பார்கள். "சார், அடுத்த ஸ்டெப்?" என்று யாராவது கேட்கும்வரை நிற்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக, சாயந்திர பேட்ச்சைத் திருப்பி அனுப்பினார். அடுப்படிக்குப் போனார். முக்காலி இல்லாததால் தரையில் உட்கார்ந்தார். வீடு அப்படியொரு நிசப்தத்தில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தார். அது விழ வெகுநேரம் ஆயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஹாஜரா கதவைத் திறந்தாள்.

"அன்னிக்கு வாய் தவறிடுச்சு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "டீச்சர்," என்றார்.

அவள் விலகி வழிவிட்டாள். முக்காலி வைத்த இடத்திலேயே இருந்தது. எதிரே டப்பாவும்.

"உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். ஹாஜரா துளையைத் திறந்தாள். கடல் காற்று வந்து போயிற்று. முதலில் தன் மூச்சு அவருக்குக் கேட்டது. பிறகு அது கேட்காமல் போனது. ஜன்னலுக்கு வெளியே வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து கஸ்தூரி வந்தாள். காபி டம்ளரோடு வந்தாள். மழையில் நனைந்த துணியோடு வந்தாள். காய்ச்சலில் கம்பளியோடு வந்தாள். ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்ல வாய் திறந்து, பெஞ்சுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவர் எழுந்து கூப்பிட நினைத்தார். அசையக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது.

படம் எழுந்து வந்தபோது முழங்கால்கள் தெரிந்தன. மடியில் வைத்த இரண்டு கைகள் தெரிந்தன, நரம்பு நரம்பாக. வெறும் பாதங்கள் தெரிந்தன. கழுத்துக்கு மேலே பனி மாதிரி ஒரு வெண்மை.

"முகம் இல்லியே டீச்சர்."

"அழுதீங்களே. முகம் அசையத்தானே செய்யும்."

அதற்குப் பிறகு அவர் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். கடைப்பொருள் எதுவும் கொண்டு வரவில்லை. உப்பு ஜாடிக்குள் ஒரு சாக்பீஸை நட்டு எடுத்தார். கஸ்தூரி விட்டுப்போன பழைய மூக்குக் கண்ணாடியைத் தன் பாடக் குறிப்பேட்டின் மேல் வைத்து எடுத்தார். குறிப்பேட்டின் எழுத்து கண்ணாடிக்குள் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஒரு முறை வெள்ளைத் துணியை மட்டும் மடித்து வைத்து எடுத்தார். அது என்ன என்று ஹாஜரா கேட்டாள். "அவ மடிக்கிற மாதிரி மடிச்சுப் பார்த்தேன். வரல," என்றார். அதையும் அவள் கொடியில் மாட்டினாள்.

எல்லாவற்றிலும் அந்த முதல் காலி முக்காலிப் படத்தையே அவர் அடிக்கடி எடுத்துப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்து நிற்கும் அந்த முக்காலியில் ஒரு பெண்ணின் ஏக்கம் முழுவதும் இருப்பதாக அவருக்குப் பட்டது.

ஐப்பசியில் பத்துப் படம் சேர்ந்தது. அவற்றை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்தார்.

"வக்கீல் ஆபீஸ்ல வரச் சொல்லியிருக்காங்க டீச்சர். அவளும் வர்றா. இதைக் குடுக்கப் போறேன்."

"அழ வைக்கவா?"

"இல்ல. இதைப் பார்த்தா வந்துடுவா. நான் புரிஞ்சுக்கிட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்."

ஹாஜரா கவரை வாங்கவில்லை, திறந்து பார்க்கவும் இல்லை.

"குடுங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க."

"என்ன கேட்க?"

"உங்களுக்குத் தெரியாதது எதுவோ, அதை."

வக்கீல் அலுவலக வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. கஸ்தூரி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். அவர் மற்றொன்றில் உட்கார்ந்தார். வக்கீல் உள்ளே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"இளைச்சிட்டீங்க," என்றாள் கஸ்தூரி.

"ம்."

கவர் அவர் மடியில் இருந்தது. அதன் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கஸ்தூரி, ஒண்ணு கேட்கலாமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அடுப்படி முக்காலியில உட்காருவியே. ஜன்னல் வழியா என்ன பார்ப்ப?"

அவள் புருவம் சுருங்கியது. பிறகு லேசாகச் சிரித்தாள்.

"ஜன்னலா? நான் எங்க ஜன்னலைப் பார்த்தேன்? சுவத்துல சாஞ்சுக்கிட்டு உட்காருவேன். அந்தப் பக்கம் நீங்க பாடம் நடத்துவீங்க இல்ல, கேட்டுட்டிருப்பேன்."

கவரின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த அவர் விரல் நின்றது.

"தினமுமா?"

"தினமும்தான். ஆரம்பத்துல ஒண்ணும் புரியாது. குரலுக்காகத்தான் கேட்டேன். அப்புறம் கணக்கும் புரிய ஆரம்பிச்சுது. இப்ப அக்கா பேத்திக்கு நான்தான் சொல்லித் தர்றேன். 'எங்க பிசகுச்சு, பாரு' அப்படீம்பீங்களே, அதே மாதிரி."

முருங்கை மரம், வானம், ரயில் எல்லாம் அவருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

"அப்புறம் ஏன் போன?"

கஸ்தூரி வராந்தாவின் கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள். அதில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, பறந்துபோனது.

"எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சுங்க. எனக்குன்னு ஒரு வார்த்தை வரல," என்றாள்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்தார்கள். வக்கீல் காட்டிய இடத்தில் சட்டநாதன் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. படியிறங்கும்போது, "உடம்பைப் பார்த்துக்கங்க," என்றாள் கஸ்தூரி. "நீயும்," என்றார். ஆட்டோ திரும்பி மறையும்வரை படியிலேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது ஹாஜரா துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கவரை அவள் முன்னால் வைத்தார்.

"குடுக்கலியா?"

"இல்ல. கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"எல்லாம் தப்பு டீச்சர்," என்றார். நடந்ததைச் சொன்னார். கேட்டதைச் சொன்னார், கஸ்தூரி சொன்னதையும் சொன்னார். "நான் அந்த முக்காலியை ஜன்னலைப் பார்த்து வெச்சேன். அவ ஜன்னலைப் பார்க்கவே இல்ல. இத்தனை மாசம் நான் எடுத்ததுல ஒண்ணுகூட அவ இல்ல. எல்லாம் நானாக் கட்டின கதை."

கவரைப் பிரித்து அந்தப் படத்தை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்தார்.

"கிழிச்சுடட்டுமா?"

ஹாஜரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைச் சொன்னப்ப அவங்க குரல் எப்படி இருந்துச்சு சார்?"

"குரலா?"

அவர் கண்ணை மூடினார். கைகள் படத்தோடு அப்படியே நின்றன.

"கரகரன்னு இருந்துச்சு. ஜலதோஷம் பிடிச்சிருக்கு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே பேசினா. சிரிச்சப்ப இருமல் வந்துச்சு, புடவைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டா. கையில..." கண்ணைத் திறந்தார். "கண்ணாடி வளையல் இல்ல டீச்சர். ரப்பர் வளையல். கறுப்பு. ரெண்டு."

ஹாஜரா எட்டி, அவர் கையிலிருந்து படத்தை மெதுவாக விடுவித்து வாங்கினாள்.

"இந்தத் தடவை நின்னு கேட்டிருக்கீங்க. அப்ப சரியாத்தான் விழுந்திருக்கு," என்றாள்.